மாமனாரின் இரண்டு கண்கள்

என் மாமனாரின் இரண்டு கண்களையும் கெடுத்தவன் நான்தான். இடது கண்ணை ஒரு பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை. வலது கண்ணை அதிலிருந்து சரியாகப் பதினாறாம் நாள், வியாழக்கிழமை. (நாள் விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை. மற்ற விஷயங்களில்தான்.) உண்மையில் அந்த மனிதர் இன்றும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பார்.

அப்போது தெற்கு தில்லியில் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை. வீடு நகரின் மறுகோடியில், துவாரகாவில். போக வர மூன்று மணி நேரம். இரண்டாம் வகுப்பில் 'என் குடும்பம்' வரையச் சொன்னபோது, மகள் என்னைப் படுத்த நிலையில் வரைந்திருந்தாள். அவள் பார்த்த அப்பா அதுதான். அந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடத் தொடங்கினேன்.

வேலை தேடுவதைத் திருட்டைப் போல மறைக்கவேண்டும் என்று பழகியவன் நான். பக்கத்து சீட் நேஹா எங்கள் மேலதிகாரி ஸ்டெல்லா மேடத்திடம் நேராகப் போய், "மேம், வியாழக்கிழமை எனக்கு இன்டர்வியூ, ஹாஃப் டே வேணும்" என்று இந்தியில் கேட்டாள். மேடமும் "ஆல் தி பெஸ்ட்" என்றார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தேன்.

எனக்கு நேர்காணல் மூன்று சுற்று. முதல் சுற்றுக்கு மாமனாரின் இடது கண்ணில் புரை. இரண்டாவதற்கு வலது கண். மூன்றாவது கண் இல்லாத காரணத்தால் மாமியாரின் முழங்காலை எடுத்துக்கொண்டேன். சொன்ன பொய்யையே மறுபடி சொல்லிவிடக் கூடாதே என்று, மேஜைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே தமிழில் குறித்தும் வைத்தேன்: 'சொன்னது', 'நடந்தது' என்று இரண்டு வரி.

தைரியத்துக்குக் காரணம் உண்டு. ஸ்டெல்லா மேடம் பாளையங்கோட்டைக் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லியின் சரோஜினி நகர். தமிழ் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. வலது கண்ணுக்குப் பிறகு, "உங்க மாமனாருக்கு" என்று ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். (கூசாமல் வாங்கிக்கொண்டேன்.)

வேலை கிடைத்தது. ஒரே சிக்கல்: அவர்கள் ஒரு மாதத்தில் சேரச் சொன்னார்கள், இங்கேயோ மூன்று மாத நோட்டீஸ். மேடம் மனம் வைத்தால்தான் அந்த வேலை.

ராஜினாமாவை நேஹா மூன்று வரி மெயிலில் முடித்திருந்தாள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். 'கனத்த இதயத்துடன்' மட்டும் மூன்று இடத்தில். ஒரு திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு நீட்டினேன்.

மேடம் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எழுந்து என் மேஜைக்குப் போய்க் காலண்டரைக் கொண்டுவந்து, பிப்ரவரியைத் திருப்பி, விரல் வைத்து எழுத்துக்கூட்டினார்.

"சொன்... ன... து. மாம... னார் இடது கண். நடந்... தது. முதல் சுற்று." நிமிர்ந்தார். "கரெக்டா?"

காலண்டரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், அவர் தரவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு எங்க தமிழ் சர்ச்ல பைபிள் வாசிக்கணும், பாலு. அதுக்காகத் தமிழ் கத்துக்கறேன். ஆபீஸ்ல தமிழ் எழுத்து இருக்கிற ஒரே இடம் உன் காலண்டர். நீ லீவுன்னா நான் அங்கதான் பிராக்டிஸ்." விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "மேடம் உட... னே நம்பி... விட்டார். அச்சா! நம்பிட்டேனா நான்?"

"மேடம்... அப்போ அந்தக் கறுப்புக் கண்ணாடி?"

"தெரிஞ்சுதான் கொடுத்தேன். சும்மா விட முடியுமா? நேஹா சின்னப் பொண்ணு, நேரா வந்து கேட்டா. நீ ஏம்ப்பா ஒரு பெரிய மனுஷனைக் குருடாக்கறே?"

அவர் ஏப்ரலைத் திருப்பினார். மூன்றாம் சுற்று நடந்த நாள். அன்று 'நடந்தது' வரிக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தேன். நானே மறந்துபோனது. மேடம் அதைத் தடுமாறாமல் படித்தார்.

"கிடைத்தால், மகளோடு தினமும் இரவுச் சாப்பாடு."

காலண்டரை மூடினார். "இந்த ஒரு வரிய படிக்க ரெண்டு நாள் ஆச்சு. மூணு மாசமெல்லாம் வேண்டாம். முப்பது நாள்ல கிளம்பு. நேஹா மாதிரி மூணு வரி எழுதிக் கொண்டா, இந்தக் கனத்த இதயத்தை எல்லாம் யார் படிக்கறது? ஜல்தி!"

முப்பதாம் நாள் விடுவித்தார். புதிய அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்த டிசம்பரில் அவருடைய சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து, அவர் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் வாசித்ததைக் கேட்டேன். என் கையெழுத்தால் ஒருவருக்கு நன்மை விளைந்தது அந்த ஒரு முறைதான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், அங்கே மட்டும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடி இப்போது மாமனாருடையது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மெட்ரோவிலிருந்து இறங்கியதும் அதை மாட்டிக்கொள்கிறார். கதவைத் திறந்தால் காற்றில் கையை நீட்டித் துழாவிக்கொண்டே கேட்பார்:

"மாப்ளே, இன்னைக்கு ஆபீஸுக்கு லீவா? எந்தக் கண்ணு?"

மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேஜைக்கு அழைத்துவருவாள். இரவுச் சாப்பாட்டுக்கு நான் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பேன்.