கபடிக்காரன் வீட்டில் ஊசிக்கு இடமில்லை

அடி அண்ணாமலை,
9.10.2021, சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ராஜமாணிக்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை பாஞ்சாலையின் கணவன் அப்பாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கீழ்பென்னாத்தூரில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை நிற்கட்டும். இந்த வருடம் தங்கள் நிலக்கடலை நன்றாகக் காய்த்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி சண்டை.

தங்கள் கடிதம் கிடைத்தது. "உங்கள் மகன் ஒருவனால் ஊரே ஊசி போடாமல் நிற்கிறது, அதற்குத் தூபம் போடுவது நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அப்படித்தான் எழுதுவீர்கள். தங்கள் தங்கை அதை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி படித்தாள். நான் முப்பத்தொரு வருடம் பேருந்தில் நடத்துனராக இருந்து, எண்பது பேரோடு ஒரே நேரத்தில் வாதாடிப் பழகியவன். ஒரு கடிதத்துக்கு அஞ்சுகிறவன் இல்லை. தங்களுக்கு வந்த செய்தி பழைய செய்தி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆனால் என்ன நடந்திருந்தாலும் இந்த அப்பாசாமி ஊசி போட்டுக்கொள்ளப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் பையன் இளவரசன் வெளிமாநிலத்துத் தொழில்முறை கபடி அணி ஒன்றில் ஒப்பந்தமானது தங்களுக்குத் தெரியும். ஜூலை மாதம் அந்த அணியிலிருந்து தகவல் வந்தது: கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாதவர்கள் செப்டம்பர் பயிற்சி முகாமுக்கு வர வேண்டாம். அவன் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். "உடம்புதாம்பா என் பொழப்பு. ரைடு போறப்ப அரை நொடி லேட்டானா கதை முடிஞ்சுது. இன்னா ஏதுன்னு தெரியாத மருந்த அதுல ஏத்த மாட்டேன்" என்றான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. தினமும் காலையில் பெரிய டப்பாவிலிருந்து ஏதோ மாவை எடுத்துப் பாலில் கலக்கிக் குடிக்கிறானே, அது இன்னா ஏதுன்னு தெரியுமா என்று பாஞ்சாலை கேட்டாள். அந்த டப்பாவில் எழுதியிருப்பது எந்த நாட்டு பாஷை என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அது வேறு விஷயம்.

மறுநாள் அவன் தோளில் டவலைப் போட்டுக்கொண்டு மலை பின்னால் தெரியும்படி நின்று, "என் உடம்பு, என் முடிவு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது" என்று ஒன்றரை நிமிடம் பேசினான். போனைப் பிடித்துப் படம் எடுத்தது நான்தான், மறைக்கவில்லை. இரண்டே நாளில் அது மாவட்டம் முழுக்கச் சுற்றிவந்தது. கிரிவலப் பாதை டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. விளையாட்டு வீரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றது ஒரு கட்சி. கபடி ஆடுகிறவனுக்கு டாக்டர் வேலை எதற்கு என்றது இன்னொன்று. நான் முதல் கட்சிக்குத் தலைவர் ஆனேன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நானே ஆனேன். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்களைத் தடுக்க, "இங்கே ஊசி போட வராதீர்கள்" என்று வாசல் சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதினேன். அன்று மாலையே மழை பெய்து பின்பாதியைக் கழுவிவிட்டது. விடிந்து கதவைத் திறந்தால், "இங்கே ஊசி போட" என்ற எழுத்துக்கு முன்னால் நாலு பேர் ஆதார் அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். அதில் ஒரு அம்மாள் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, "சீக்கிரம் வா கம்பவுண்டரே, கழனிக்குப் போவணும்" என்று என்னை அதட்டினாள்.

இதற்குள் ரேவதியம்மாள் வந்துவிட்டார். கிராம சுகாதார செவிலியர், பள்ளிக்கூடத்தில் நடக்கும் முகாமுக்குப் பொறுப்பு. அந்த நாலு பேரையும் அழைத்துக்கொண்டு போயிருக்கலாம், அதை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"அப்பாசாமி சார், போன வாரம் வரைக்கும் ஒரு நாளைக்கு நூறு பேரு வந்தாங்க. உங்க பையன் வீடியோ வந்தப்புறம் நேத்து பதினோரு பேருங்க" என்றார்.

"எம் பையன் யாரையும் போடாதேன்னு சொல்லலியே! அவன் உடம்பு, அவன் உரிமை" என்றேன்.

"உடம்பு அவருதுதாங்க. மூச்சு அவருது மட்டுமா? பக்கத்துல நிக்கிறவன் அதத்தானே இழுக்கிறான்" என்றார்.

நான் அதற்குச் சரியான பதில் வைத்திருந்தேன். ஆனால் அந்தச் சட்டை சுருட்டிய அம்மாள் குறுக்கே புகுந்து சத்தம் போட்டதால் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில் என்ன என்று இப்போது நினைவில்லை.

மச்சான், இனி எழுதப்போவது எனக்குப் பிடிக்காத பகுதி. ஆனாலும் எழுதுகிறேன்.

கோயில் பக்கம் கற்பூரம், பூ விற்கும் சக்கரவர்த்தியைத் தங்களுக்குத் தெரியும். என் சிநேகிதன். இளவரசன் எங்கே ஆடினாலும் கடையை மூடிவிட்டுப் போய், தொண்டை கட்டும்வரை கத்துகிறவன். அவன் ஊசிக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்தான். வீடியோவைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் எல்லாரும் பார்க்க அந்த டோக்கனை நாலாகக் கிழித்துப் போட்டான். நான்தான் கைதட்டினேன். ஆகஸ்ட் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் மத்தியானம் அவன் மனைவி ஓடிவந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், உள்ளே காற்று போகவில்லை. ரேவதியம்மாள் அவன் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தார். எண்பத்து நாலு என்று காட்டியது. அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த எண்ணுக்கு அர்த்தம் கேட்கத் தேவைப்படவில்லை. ஆம்புலன்ஸ் அந்தச் சந்துக்குள் வராது. இளவரசன் அவனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினான்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். உள்ளே ஒரே ஒரு முறை, கண்ணாடித் தடுப்புக்கு அருகில் நின்று பார்க்க விட்டார்கள். இளவரசனைப் பார்த்ததும் சக்கரவர்த்தி மாஸ்க்கை லேசாகத் தூக்கி, "தம்பி, நான் உன் கட்சிதான்" என்றான். தைரியம் சொல்வதாக நினைத்துச் சொன்னான். பையன் அங்கிருந்து நேராக வெளியே போய் வண்டி நிறுத்துமிடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். கூடவே வந்திருந்த ரேவதியம்மாள் அவனருகில் போய் நின்றார். "ஊசி போட்டிருந்தா இவருக்கு வந்திருக்காதாக்கா?" என்று கேட்டான். அவர் பொய் சொல்லவில்லை. "போட்டாலும் வரலாம்பா. ஆனா இந்த அளவுக்குப் போறது ரொம்பக் கம்மி" என்றார். அதன்பின் இரண்டு நாள் அவன் மாவு டப்பாவைத் தொடவில்லை. சோற்றையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் என்னிடம் வந்தான். "அப்பா, நான் போட்டுக்கப் போறேன்."

"டேய், ஊரே பாத்துச்சுடா அந்த வீடியோவ! இப்ப பின்வாங்கினா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?"

"ரைடு போயி புடிபட்டா இன்னா செய்வோம்? எழுந்து வெளிய போயி உக்காருவோம். கோட்டுக்குள்ளயே நின்னுக்கினு நான் அவுட்டே இல்லன்னு கத்தினா, அதாம்பா அசிங்கம். நான் அவுட்டுப்பா."

"அப்ப நான்?"

"நீ ஆட்டத்துலயே இல்லியேப்பா. ஓரமா நின்னு கத்தின, அவ்ளோதான்."

பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது? செப்டம்பர் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை, பெரிய முகாம். அதே டவலைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். படம் எடுக்க என்னைக் கூப்பிட்டான், மறுத்துவிட்டேன். ரேவதியம்மாளே எடுத்தார். "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னேன். என்னால ஒருத்தர் ஆஸ்பத்திரில கெடக்கறாரு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அது முதல் வீடியோ அளவுக்குப் பரவவில்லை, மச்சான். நல்ல விஷயம் எதுவும் அந்த வேகத்தில் போகாது போலிருக்கிறது. ஆனால் அன்று பிற்பகல் பள்ளிக்கூடத்து வரிசை கேட்டைத் தாண்டி வேப்பமரம் வரை நின்றது. போகாதவர்கள் வீட்டுக்கெல்லாம் அவனே நடந்து போய்க் கூப்பிட்டான். சில பேர் முகத்துக்கு நேரே, "ஊசி கம்பெனிக்காரன் எவ்ளோ குடுத்தான்?" என்று கேட்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

அணியில் அவன் இடம் போய்விட்டது. அணியின் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஒரு ஊசிதான் ஆகியிருந்தது, ஆகவே அவனுடைய இடத்தில் வேறொரு பையனை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஊசி நாளைக்கு. அதன்பின் வந்தால் மாற்று ஆட்டக்காரர்களோடு உட்காரலாம் என்றிருக்கிறார்கள். சரி என்றுவிட்டான். சக்கரவர்த்தி பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தான். பாதியாக இளைத்துவிட்டான், இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்குகிறான். ஆனாலும் கடையைத் திறந்துவிட்டான்.

தங்கள் தங்கையின் துரோகத்தையும் எழுதிவிடுகிறேன். பீரோவில் என் ஓய்வூதியக் காகிதத்தைத் தேடியபோது, அவள் பெயரில் இரண்டு ஊசிக்குமான சான்றிதழ் கிடைத்தது. முதல் ஊசி மே மாதமே போட்டிருக்கிறாள், தங்கள் ஊரில், தங்கள் முன்னிலையில்! நிலக்கடலை பார்க்கப் போகிறேன் என்றுதானே சொல்லிவிட்டு வந்தாள்? "உங்ககிட்ட சொன்னா செவுத்துல எழுதுவீங்க" என்கிறாள்.

ஆக இந்த வீட்டில், ஏன், இந்தத் தெருவிலேயே, ஊசி போடாதவன் நான் ஒருவன்தான். கட்சியில் மீதி இருப்பதும் நான் ஒருவன்தான். தலைவர், தொண்டர், கொடிக்கம்பம் எல்லாம் நானே. அதற்காக இறங்கிவரமாட்டேன். மகன் மாறலாம், மனைவி ஏமாற்றலாம், சிநேகிதன் பிழைத்து வந்து எதிரே உட்காரலாம், அப்பாசாமி அப்பாசாமிதான். இனி இதுபற்றித் தாங்கள் எழுதினால் பதில் வராது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. மழை பலமாக இருக்கிறது, ஏரிக்கரைப் பக்கம் வண்டியில் போகும்போது ஜாக்கிரதை. எல்லாருக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கும்படி அண்ணாமலையாரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அடங்காத மைத்துனன்,
அப்பாசாமி.

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. இதைத் தபால் பெட்டியில் போடத்தான் கிளம்பினேன். வழியில் சக்கரவர்த்தி கடையிலிருந்து கையசைத்தான். "நீயும் போயி… படுத்துக்கினா… தூக்கிக்கினு ஓட… என்னால… ஆவாதுடா" என்றான். இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அவன் முடிக்கும்வரை காத்திருந்ததில் எனக்கு எதிர்வாதம் எல்லாம் மறந்துபோய்விட்டது. இடது தோள் வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. மூன்று பக்கம் எழுதியாயிற்று, அடித்துத் திருத்த மனம் வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். இரண்டாவது ஊசிக்குத் தங்கள் ஊரில் ஏற்பாடு செய்யவும். இங்கே ரேவதியம்மாள் கைதட்டுகிறார், வரிசையில் நிற்கிறவர்களும் சேர்ந்து தட்டுகிறார்கள், மனிதனால் தாங்க முடியவில்லை. பாஞ்சாலைக்குத் தெரிய வேண்டாம். நிலக்கடலை பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.