சல்சாவில் குளித்த மோட்டார் சைக்கிள்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் இன்னும் ஒழுங்காக்கப் புறப்படுபவனுக்கு வீட்டில் மரியாதை மிஞ்சாது. எனக்கு மிஞ்சவில்லை. காரணம், என் மனைவி ஜெனிற்றாவின் அண்ணன் ரொபேட் மச்சானின் மோட்டார் சைக்கிள்.

அப்போது எங்களுக்குக் கலியாணமாகிப் புதிது. இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருந்தோம். மொண்டெல்லோக் கடற்கரை உணவகம் ஒன்றில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ரொபேட் மச்சான் குளிர்காலத்தை மன்னாரில் கழிக்கப் புறப்பட்டார். சாவியை என் கையில் தரும்போது, பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுப் போகும் தாயைப் போல நின்றார்.

“அன்ரன், நீர் ஒண்டும் செய்ய வேண்டாம். மழை படாத இடத்திலை விட்டு, மேலை ஒரு சீலையைப் போட்டால் காணும்.”

“ஓம் மச்சான், நான் பாக்கிறன். நீங்கள் யோசிக்காமல் போயிட்டு வாங்கோ.”

இடம் கிடைத்தது. இரண்டாம் மாடியில் இருந்த சிஞ்ஞோரா ரொசாலியா, எழுபதைத் தாண்டிய இத்தாலியப் பெண்மணி, கட்டடத்துக்குக் கீழே இருந்த தன் கராஜைத் திறந்துவிட்டார். அங்கே சுவரோரத் தட்டுகளில், கோடையில் அவர் காய்ச்சி அடைத்த தக்காளிச் சல்சாப் போத்தல்கள் வரிசையாக நின்றன. வட இத்தாலியிலிருந்து நத்தார் பண்டிகைக்கு வரும் பிள்ளைகளுக்கும், அதன் பிறகு அடுத்த கோடை வரைக்கும் அதுதான்.

“அந்தோனியோ, உன் மோட்டார் சைக்கிள் என் சல்சாவோடு தூங்கட்டும்,” என்றார்.

நான் அதோடு நின்றிருக்கலாம். கைபேசியில் ஒரு காணொளி பார்த்தேன். பின்னால் கூரை உயரத்துக்குப் பனி குவிந்திருக்க, ஒருவர் மோட்டார் சைக்கிளை எப்படிக் குளிர்கால உறக்கத்துக்கு அனுப்புவது என்று விளக்கிக்கொண்டிருந்தார். (பலெர்மோவில் நவம்பரிலும் ஆட்கள் கடலில் குளிப்பார்கள். அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.) அவர் சொன்னபடி, கட்டட வாசலில் வைத்தே டாங்கியைப் பெற்றோலால் நிரப்பினேன். பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தேன். எலி புகாமல் இருக்க, புகைக்குழாயை ஜெனிற்றாவின் புதுத் துவாயால் அடைத்தேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன்.

போத்தலில் எண்ணெய் மிச்சமிருந்தது. அங்கேதான் என் சொந்த மூளை வேலை செய்யத் தொடங்கியது. துருப்பிடிக்கக்கூடிய இரும்பு வேறெங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். இரண்டு சக்கரங்களிலும் வட்டமான தட்டுகள் பளபளத்தன. அவற்றுக்கும் தாராளமாகப் பூசினேன். (பிரேக் பிடிப்பது அந்தத் தட்டுகளில்தான். முழு மோட்டார் சைக்கிளிலும் எண்ணெய் படவே கூடாத இடம் அது. காணொளிக்காரர் இதைச் சொல்லவில்லை. இதையும் ஒருவருக்குச் சொல்ல வேண்டிவரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.)

“இஞ்சாருங்கோ, அண்ணா சீலையை மட்டுந்தானே போடச் சொன்னவர்?” என்றாள் ஜெனிற்றா.

“கொண்ணருக்குப் பழைய முறைதான் தெரியும். இது விஞ்ஞானம்.”

கராஜுக்கு இறங்கும் பாதை நல்ல சரிவு. எஞ்சினோ இயங்காது. இறங்கி நின்று மெல்ல உருட்டியிருக்கலாம். ஆனால் புது மனைவி பார்த்துக்கொண்டு நிற்கிறாளே! ஏறி உட்கார்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, கீழே விட்டேன்.

பாதி வழியில் முன் பிரேக்கைப் பிடித்தேன். விரல்கள் மடங்கின, வேறொன்றும் நடக்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தேன். அந்தச் செய்தி மோட்டார் சைக்கிளுக்குப் போய்ச் சேரவில்லை. ஹோர்னை அழுத்தினேன், அதற்குரிய பற்றரி நான்காம் மாடியில் இருந்தது. கீழே சிஞ்ஞோரா ரொசாலியா எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

தெரிந்த இத்தாலியன் எல்லாம் மறந்துபோயிற்று. “விலத்துங்கோ! அம்மா, விலத்துங்கோ!” என்று தமிழில் அலறினேன். சொல் விளங்கியிராது, குரல் விளங்கிவிட்டது. கதவைக் கைவிட்டு ஒரே துள்ளலில் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவருடைய பாவாடை என் முழங்காலில் உரசியது. அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

பிறகு, போத்தல்கள்.

சத்தம் ஓய்ந்தபோது நான் தரையில் கிடந்தேன், தலை முதல் கால் வரை சிவப்பாக. ஓடிவந்த ஜெனிற்றா, “ஐயோ மாதாவே, ரத்தம்! ரத்தம்!” என்று கதறினாள். சிஞ்ஞோரா குனிந்து என் நெற்றியை விரலால் தொட்டார். அந்த விரலை நாக்கில் வைத்தார்.

“சல்சா,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இந்த முறை உப்புக் குறைவு.”

தோளெலும்பு முறிந்திருந்தது. பலெர்மோவிலேயே இருந்த அவருடைய மகன் சல்வத்தோரே, கார் இருக்கை சிவப்பாவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என்னைக் கண்டதும் காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். டாக்டர் ஓடிவந்தார். என் காதுக்குப் பின்னாலிருந்து, சல்சாவில் வாசத்துக்குப் போடும் ஓர் இலையை எடுத்து மோந்து பார்த்தார்.

“பசிலிக்கோ?”

“சீ,” என்று இத்தாலியனில் ‘ஓம்’ சொல்லி ஒப்புக்கொண்டேன்.

என்னை வரிசையின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மச்சானுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன்.

“சிஞ்ஞோராவுக்கு ஒண்டும் இல்லைத்தானே?”

“இல்லை மச்சான்.”

“உமக்கு?”

“தோள் முறிஞ்சு போச்சு. பைக்கிலை முன் லைற்...”

“பைக்கை விடும். எலும்பு பொருந்தட்டும்.” பிறகு தாங்கமாட்டாமல் கேட்டார்: “உண்மையாவே பிரேக்குக்கு எண்ணெய் பூசினீரோ?” அதற்குமேல் அவரால் கதைக்க முடியவில்லை. மன்னாரில் அந்த வீடே சிரிப்பது கேட்டது.

கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த அந்த நாட்களில், மதியமானால் கதவு தட்டப்படும். சிஞ்ஞோரா இரண்டு மாடி ஏறி, மூடிய சட்டியில் பாஸ்தாவோடு நிற்பார். ஒருநாள் ஜெனிற்றா, “எல்லாம் உடைந்துபோயிற்றே, சல்சாவுக்கு என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

“சிலது தப்பியது.”

“அது உங்கள் பிள்ளைகளுக்கல்லவா?”

“அவர்களுக்கு இரண்டு கை இருக்கிறது. கடையில் வாங்கிக்கொள்வார்கள்.”

நான் பாஸ்தாவைப் பார்த்தபடி குனிந்திருந்தேன். கண்ணைத் துடைக்க ஒரு கைதான் இருந்தது; அதிலும் முள்ளுக்கரண்டி.

அடுத்த ஓகஸ்டில் தக்காளி காய்ச்ச நாங்கள் இருவரும் போய் நின்றோம். இன்றுவரை ஒரு வருடமும் தவறவில்லை. பிறகு எங்களுக்குப் பிறந்த மகளுக்கு அவரே ஞானத்தாய். உறவென்று யாருமில்லாத கட்டடத்தில் எங்களுக்கு ஒரு குடும்பம் கிடைத்தது. (யாரும் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.)

வீட்டில் நான் எதையாவது திருத்தப் போனால், மகள் குரல் கொடுப்பாள்: “அப்பா, எண்ணெய் பூசாதேங்கோ!” தண்ணீர்க்குழாய், கணினி, அவளுடைய பள்ளிக் கட்டுரை, எல்லாவற்றுக்கும் அதே மந்திரம்தான்.

சென்ற மாதம் சல்வத்தோரே, தாய் சமைக்கும் குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டப்போவதாக வந்து நின்றார். சிஞ்ஞோரா ரொசாலியா கரண்டியை உயர்த்தி, சிசிலிய ராகத்தில் நீட்டி, சுத்தத் தமிழில் சொன்னார்:

“எண்ணெய் பூசாதை!”

சல்வத்தோரே திகைத்து என் பக்கம் திரும்பி, “அம்மா என்ன சொல்கிறார்?” என்று கேட்டார்.

எனக்கும் அந்த அளவுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.