எண்ணிக்கைக்கு மூன்று பேர்

மூன்றாவது தொப்பியையும் மனைவி வேண்டாம் என்று தள்ளியபோது வண்டி கிளம்ப நாலே நிமிடம் இருந்தது.

"இதப் போட்டுக்கிட்டா என்னை யாருன்னு நினைப்பாங்க?"

"அதான் வேணும். நீ யாருன்னு தெரியக் கூடாது," என்றார் கார்டு.

ரயில்வேயில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. நகராட்சியில், குடிநீர் இணைப்புப் பிரிவில் தலைமை எழுத்தர். தன் மேஜையை விட்டு ஒரு ஃபைல் நகர்ந்தால் டிராயரிலிருந்து பச்சைத் துணியை எடுத்து ஆட்டி வழியனுப்புவார். கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்கும் கார்டின் பெயர் அப்படித்தான் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அது கேலி என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர.

விஷயம் இதுதான். ஜங்ஷனிலிருந்து பிரிந்து போகும் கிளைப் பாதை ஒன்று. பதினெட்டுச் சொச்சம் கிலோமீட்டர், ஜங்ஷனோடு சேர்த்து ஐந்து ஸ்டேஷன், இரண்டே பெட்டி வண்டி. தினம் மூன்று தடவை போய்த் திரும்பும். அதை மூடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பி ஒரு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவிஷன் ஆபீஸிலிருந்து நண்பர் போன் செய்தார்.

"நாளைக்கும் நாளன்னைக்கும் ஒரு ஆபீசரம்மா வண்டியிலயே உக்காந்து ஆள் எண்ணப் போறாங்க. ரெண்டு நாள்ல நூறு பேராவது ஏறலைன்னா லைன் அவ்வளவுதான்."

கார்டு உடனே 'கிளைப் பாதையைக் காப்போம்' குழுவுக்குத் தகவல் அனுப்பினார். போனிலேயே பிறந்து போனிலேயே வாழும் குழு. இருநூற்று நாற்பது உறுப்பினர்கள். நூற்று அறுபது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நாலு பேர் அழும் பொம்மை போட்டார்கள். ஒருவர் மட்டும், "கண்டிப்பா வரேன், கார்ல பெட்ரோல் போட்டாச்சு, லெவல் கிராஸிங்ல நின்னு படம் எடுக்கறேன்" என்று எழுதினார்.

மிச்சம் இருந்தது மனைவியும் மைத்துனனும்.

"அவ்வளவு ஆசையா இருக்கீங்களே, நீங்க இந்த வண்டியில கடைசியா எப்ப ஏறினீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ஏறிட்டா படம் எப்படி எடுக்கறது? வண்டிக்குள்ள இருந்தா வண்டி தெரியாதே."

சனிக்கிழமைதோறும் அவர் காரில்தான் போவார். வண்டியோடு போட்டி போட்டுக்கொண்டு ஓட்டி, ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் படம் பிடித்துவிட்டு வருவார். அதில் என்ன தப்பு என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் வெள்ளி இரவு சாப்பிடும்போது, "இந்த லைன் போச்சுன்னா எனக்கு இருக்கறது ஆபீஸும் தூக்கமும்தான்" என்று சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. மனைவி அதைக் கவனித்துவிட்டாள். அதனால்தான் வந்தாள்.

திட்டம் அவர் போட்டது. மூன்று பேர் மூன்று பேராகவே போய் வந்தால் எண்ணிக்கை ஏறாது. ஒரு ஸ்டேஷனில் இறங்க வேண்டும், தொப்பியும் சால்வையும் மாற்றிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்கு வயல் வழியாக நடந்து போக வேண்டும், அங்கே புது ஆட்களாக ஏற வேண்டும்.

"இது ஏமாத்து வேலை இல்லையா மாமா?" என்று மைத்துனன் கேட்டான். மருந்துக் கடையில் வேலை; லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"நாம டிக்கெட் வாங்கித்தானே ஏறப்போறோம். தொப்பி போடறது நம்ம சொந்த விஷயம் மாப்ள."

காலை வண்டியில் பின் பெட்டியில் ஏறினார்கள். ஆபீசர் முன் பெட்டியில் இருப்பதாகத் தகவல். இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் போய்த் தொப்பி மாற்றி, மூன்றாவதை நோக்கி நடந்தார்கள். திரும்பி வரும் வண்டியை அங்கே பிடிக்க வேண்டும்.

"நாலு கிலோமீட்டர், நாப்பத்தெட்டு நிமிஷம்," என்றார் கார்டு.

அவர் சொன்னது தண்டவாளத்தின் கணக்கு. தண்டவாளம் நேராகப் போகும், வரப்பு போகாது. குளம் வந்தால் குளத்தைச் சுற்றியது, கரும்பு வந்தால் கரும்பைச் சுற்றியது. ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் பாதி தூரத்தில் இருந்தபோது எதிரே வண்டி வந்தது.

"முகத்தத் திருப்பிக்கங்க. ஜன்னல்ல இருந்து அந்தம்மா பாத்துட்டா அப்புறம் ஏறும்போது அடையாளம் தெரிஞ்சிரும்."

மூன்று பேரும் கரும்பைப் பார்த்தபடி நடந்தார்கள். வண்டி பக்கத்திலேயே ஆடி அசைந்து போயிற்று.

"ஏங்க, நாம ஏற வேண்டிய வண்டிதானே அது?"

"பரவாயில்ல, மத்தியான வண்டி இருக்கு."

நேரத்தை மிச்சம் பிடிக்கக் குறுக்கே போனார்கள். குறுக்கே சேறு. மைத்துனனின் இடது ஷூவைச் சேறு கேட்டது, அவன் கொடுத்துவிட்டான். பத்து நிமிடம் தோண்டி எடுத்தபோது அதற்கு அடிப்பாகம் பாதிதான் இருந்தது. அதிலிருந்து அவன் நொண்டித்தான் நடந்தான். ஆனாலும் மூன்றாவது ஸ்டேஷனுக்கு மத்தியான வண்டிக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தார்கள். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். இனி ஏறுவதுதான் பாக்கி.

தூரத்தில் எஞ்சின் தெரிந்தது. கார்டு எழுந்து நின்றார். வாய் திறந்தபடி நின்றது.

"பழைய எஞ்சின். எட்டு வருஷமா ஷெட்ல கிடந்தது. இத வெளிய எடுத்திருக்கான்," என்றார். "நீ அந்த முனைக்குப் போ. மாப்ள, நீ இந்த முனை. போன படுக்க வாட்டத்துல பிடி. யாரும் குறுக்க வராதீங்க."

ஓடினார்கள். மனைவிகூட ஓடினாள், அவர் குரல் அப்படி. வண்டி வந்தது, நின்றது, ஒரு நிமிடம் மூச்சு விட்டது, ஊதியது, போனது. வளைவில் கடைசிப் பெட்டி மறையும்வரை மூன்று போன்களும் ஆடவில்லை.

"எப்படி வந்திருக்கு பாரு. வந்ததுல இருந்து போனது வரைக்கும் ஒரு இடத்துலகூட உடையல," என்றார் கார்டு. கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு மாமா," என்றான் மைத்துனன். "நாமதான் ஏறல."

மனைவி பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இங்கயே இருந்து திரும்பி வர்ற வண்டியில ஏறலாம்," என்றாள் மனைவி. உருப்படியான யோசனை. அதனாலேயே அவருக்குப் பிடிக்கவில்லை.

"கூடாது. படம் எடுத்தத அந்தம்மா பாத்திருப்பாங்க. அதே இடத்துல ஏறினா சந்தேகம் வரும். நாலாவது ஸ்டேஷனுக்குப் போயிருவோம்."

தொப்பி மாற்றினார்கள். வழியில் திரும்பி வரும் வண்டி அவர்களைத் தாண்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நாலாவது ஸ்டேஷன் என்பது ஒரு தகரக் கூரையும் ஒரு பலகையும். கை காட்டினால்தான் வண்டி நிற்கும். சாயங்கால வண்டி வந்ததும் மைத்துனன் தொப்பியைக் கழற்றி, உயரத் தூக்கி, உயிரைக் கொடுத்து ஆட்டினான். பக்கத்தில் கார்டு போனும் கையுமாக நின்றார். ஒரு கைப்பழக்கம்தான். டிரைவர் இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தவர். சிரித்து, தானும் கையை ஆட்டி, நீளமாக ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"நமக்காகவே ஹாரன் அடிச்சான் பாத்தியா?" என்றார் கார்டு.

மனைவி ஒரு பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

ரூம் போட்டிருந்தது கடைசி ஸ்டேஷன் இருக்கும் ஊரில். ஐந்து கிலோமீட்டர் நடந்தார்கள். அந்த வண்டி திரும்பும்போது மறுபடியும் அவர்களைத் தாண்டியது. முகத்தைத் திருப்பச் சொல்லி இப்போது யாரும் சொல்லவில்லை, பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டாள். முதல் வேலையாகப் போன்கள் மூன்றையும் வாங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"கடைசி ஸ்டேஷன். வண்டி பன்னெண்டு நிமிஷம் நிக்கும். போறோம், டிக்கெட் வாங்குறோம், ஏறுறோம். வேற ஒண்ணும் பண்ணப் போறதில்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார் கார்டு.

டிக்கெட் ஜன்னலில் முதல் ஆளாக அவர் நின்றார். பின்னால் ஏழு பேர், நிஜமான பயணிகள். மூட்டையோடு ஒருத்தர், கைக்குழந்தையோடு ஒரு பெண், ஆஸ்பத்திரிச் சீட்டோடு இன்னொருத்தர். வண்டி நின்றுகொண்டிருந்தது. டிக்கெட்டைக் கையில் வாங்கியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சார், இதுல பதினெட்டு கிலோமீட்டர்னு இருக்கு."

"ஆமா."

"வெளியில கல்லுல பதினெட்டரைக்கு மேல போட்டிருக்கு. பாதைய நீட்டி எட்டு வருஷமாச்சு. அப்ப இது பத்தொம்போதுதானே?"

"சார், அத விடுங்க. ஏறுங்க, வண்டி நிக்குது."

"தப்பான டிக்கெட்ல நான் எப்படி ஏற முடியும்? கட்டணப் புத்தகத்த எடுத்துப் பாருங்க."

டிக்கெட் கொடுப்பவரும் ரோஷக்காரர். எடுத்தார். தூசி தட்டினார். இருவரும் ஜன்னலின் இரண்டு பக்கமும் ஒரே பக்கத்தின் மேல் குனிந்தார்கள். மைத்துனன் இருமினான். குழந்தை அழுதது. மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முப்பத்தேழாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் அவர் சொன்னது சரி என்று தெரிந்தபோது வெளியே வண்டி ஊதிவிட்டுப் புறப்பட்டது.

ஏழு பேரும் கார்டைப் பார்த்தார்கள். மூட்டைக்காரர் சொன்னார், "வழக்கமா நாங்க எல்லாரும் இதுலதான் சார் போவோம். இனிமே பஸ்ஸே போதும்."

ஏழு பேரும் பஸ் ஸ்டாண்டை நோக்கிப் போனார்கள். அங்கே நிற்க மூவருக்கும் அவமானமாக இருந்தது. மறுபடி தொப்பி, மறுபடி வரப்பு, நாலாவது ஸ்டேஷன்.

நடுவழியில் மத்தியான வண்டி எதிரே வந்தது. தாண்டிப் போயிற்று. கொஞ்ச தூரத்தில் மைத்துனனின் ஷூவில் மிச்சம் இருந்த பாதியும் கழன்றது. கார்டு பையிலிருந்து பச்சைத் துணியை எடுத்து, இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் கிழித்து அவன் காலில் கட்டினார். நொண்டி நொண்டிப் போகும்போது அதே வண்டி திரும்பி வந்து தாண்டிற்று.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு வண்டி மேல ஆசையா, இல்ல அது போறதப் பாக்கறதுல ஆசையா?"

கார்டு யோசித்தார். "தெரியல," என்றார். முப்பது வருஷத்தில் மனைவியிடம் அவர் அப்படிச் சொன்னது முதல் தடவை. "மூடிட்டாங்கன்னா நான்தான் காரணம்னு ஆயிரும். அது மட்டும் தெரியுது."

அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. கடைசி வண்டி ஜங்ஷனுக்குத் திரும்பி வரும் நேரத்தில் நாலாவது ஸ்டேஷனில் அவள் ஒருத்தியே முன்னால் நின்றாள். ஷூ ஈரம் துடைத்த சிவப்புத் துண்டை விரித்துத் தலைக்கு மேல் பிடித்தாள்.

"சிவப்பு காட்டாத. அது அபாயத்துக்கு. சட்டப்படி குத்தம்," என்று கார்டு பதறினார்.

"வாய மூடிக்கிட்டு ஏறுங்க."

வண்டி கிறீச்சிட்டு நின்றது. ஏறினார்கள். அவசரத்தில் முன் பெட்டி.

பெட்டியில் ஒரே ஒரு பெண். மடியில் அட்டை, அட்டையில் தாள், காதில் பென்சில். அவர்கள் ஏறியதும் மூன்று கோடு போட்டாள். கார்டு எதிரே உட்கார்ந்தார். பேசக் கூடாது என்று மனைவி கண்ணால் சொன்னாள். அவர் எந்தக் காலத்தில் கேட்டார்?

"ஆள் எண்ணுறீங்களாம்மா? எத்தன பேர் ஆச்சு?"

"உங்க மூணு பேரோட முப்பத்தொம்போது. காலையில கடைசி ஸ்டேஷன்ல ஏழெட்டுப் பேர் ஏறுவாங்கன்னு சொன்னாங்க. இன்னைக்கு ஒருத்தர்கூட வரல."

கார்டு தொப்பியைக் கழற்றினார். அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. "அப்ப முடிஞ்சுது," என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீசர் அவரைப் பார்த்தாள். சின்ன வயசு, இரக்க சுபாவம்.

"ஏன் சார் கவலப்படறீங்க? நான் வெறும் நம்பர மட்டும் பாக்கல. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு என்ன வேணும்னு ரெண்டு நாளா ஜன்னல் வழியா பாத்துட்டேதான் வரேன். உங்களுக்கு நல்லது நடக்கற மாதிரிதான் எழுதியிருக்கேன்."

கார்டு நிமிர்ந்தார். மைத்துனன்கூடக் காலைத் தடவுவதை நிறுத்தினான்.

"நிஜமாவாம்மா? எழுதிட்டீங்களா?"

"எழுதி, கையெழுத்தும் போட்டு, மத்தியானமே அனுப்பிட்டேன். வண்டி பக்கத்துலயே போகுது, அதத் திரும்பிக்கூடப் பாக்காம பதினஞ்சு பேர் சேத்துலயும் முள்ளுலயும் நடந்து போறாங்க சார், அதுல நாலு பேர் நொண்டி நொண்டி. அதனாலதான் தண்டவாளத்தப் பேத்து எடுத்துட்டு நல்லதா ஒரு நடைபாதை போட்டுக் குடுங்கன்னு சொல்லியிருக்கேன்."