ஆலைப் பிரவேசம்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷங்களாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்திருக்கிறேன். பயமில்லை, வெட்கம். முட்டாள்தனம் செய்தவன் அதை மறைப்பான், ஊர் அதை வெளியே இழுத்துப் போட்டுச் சிரிக்கும். இதுதான் உலக வழக்கம். என் விஷயத்தில் ஊரே சேர்ந்து என் முட்டாள்தனத்தைப் பெரிய யுக்தி என்று பேச ஆரம்பித்துவிட்டது. நெற்றியில் திருநீறும் மனசில் பொய்யுமாக இன்னும் எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது? நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். (சண்டை எங்கேயோ, சீமெண்ணெய்க்கு அடிதடி எங்கள் வீட்டில்.) சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு டவுனில் மாமன் வீட்டில் தங்கி, குமாஸ்தா வேலை தேடிக்கொண்டிருந்தேன். வெண்ணந்தூர்ப் பக்கம் காட்டில் உழவேண்டியவன். எட்டாவது பாஸ் செய்துவிட்டதால் ஏர் பிடிக்கும் கை இல்லை இது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அந்த டவுனில் ஒரு நூல் மில் இருந்தது. யுத்தத்தால் ராத்திரியும் பகலும் ஓடியது. கேட்டில் நிற்கும் மேஸ்திரி, வேலை கேட்டு வருகிறவனிடம் பெயர்கூடக் கேட்கமாட்டார். “எந்தத் தெரு?” என்பார். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றைச் சொன்னால் உள்ளே போகலாம். ஏரிக்கோடிக்கு அந்தப் பக்கம் ஒதுக்குப்புறமாக இருந்த கிழக்கு வளவு என்று சொன்னால், “ஆள் நிரம்பிப் போச்சு” என்பார். வளவு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு சாதி சனம் சேர்ந்திருக்கும் வீட்டுக் கூட்டம். அந்த வளவுக்காரர்கள் ஊரைக் கூட்டிச் சுத்தம் செய்ய வரலாம், ஊருக்குள் குடியிருக்க வரக்கூடாது.

அந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு புரொபசர் வந்து சேர்ந்தார். எந்தத் தெருக்காரருக்கு எந்த வேலை கிடைக்கிறது, எவருக்குக் கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சி. நல்ல மனுஷர். ஊருக்குள் இருந்த தெருக்களை அவரே பார்த்துவிட்டார். கிழக்கு வளவுக்குப் போகும் அன்று வயிற்றுப்போக்கு வந்து சத்திரத்தில் படுத்துவிட்டார். எட்டாவது பாஸ் செய்தவன் ஒருத்தன் சும்மா இருக்கிறான் என்று யாரோ சொல்ல, என்னை அனுப்பினார்.

“ஒவ்வொரு வீட்டிலும் ‘ஆலையில் வேலை உண்டா?’ என்று கேள். உண்டு, இல்லை, அவ்வளவுதான் எழுத வேண்டும். வேறு கதை வேண்டாம்” என்றார்.

இங்கேதான் சனி பிடித்தது. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ஆலை என்றால் கரும்பாலை. கரும்பை ஆட்டிப் பால் எடுத்து வெல்லம் காய்ச்சும் இடம். நூல் மில்லை எங்கள் ஊரில் யாரும் ஆலை என்று சொன்னதில்லை. அது மில்லு. புரொபசர் புஸ்தகத் தமிழ் பேசுகிறவர். எட்டாவது பாஸ் செய்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. ‘பட்டணத்துக்காரருக்கு வெல்லத்தின் மேல் எவ்வளவு அக்கறை!’ என்று நெஞ்சுருகிப் போனேன்.

வளவில் முதல் வீடு சின்னப்பொண்ணு என்கிற அம்மாளுடையது. புருஷன் இல்லை. வயசுக்கு வந்த மகள் ஒருத்தி. நாக்கு மட்டும் அரிவாள்மணை.

“ஆலையில் வேலை உண்டா?” என்றேன், புரொபசர் குரலிலேயே.

“இருக்குதுங்க சாமி. பங்குனி வரைக்கும் கரும்பு வெட்டு. அப்புறம் ஆலையும் நின்னு போகும், எங்க அடுப்பும் நின்னு போகும். எம்புள்ளைக்கு மில்லுல ஒரு வேலைன்னு மூணு வருசமா அந்த மேஸ்திரிகிட்ட நாயாட்டம் நிக்கறேன். எழுதிக்குங்க சாமி.”

“அது கேள்வியில இல்லம்மா” என்று சொல்லி, ‘உண்டு’ என்று எழுதிக்கொண்டேன்.

அந்தச் சமயம் கரும்பு வெட்டு மும்முரம். வளவு முழுவதும் ‘உண்டு’. ஒரு ‘இல்லை’ கிடையாது.

புரொபசருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். “வேறு எந்த ஊரிலும் இப்படி நான் கண்டதில்லையப்பா!” என்றார். வெல்லம் காய்ச்சுவதில் இத்தனை பெருமையா என்று நானும் பூரித்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கூட்டம். தாசில்தார் தலைமை. மில் மானேஜர் முன்வரிசையில். நான் மாமனின் கோட்டை மாட்டிக்கொண்டு மேடை ஓரத்தில். (கையைத் தூக்கினால் கிழியும். அதனால் கும்பிடக்கூட முடியாது.) வளவுச் சனங்களுக்கு உள்ளே இடம் தரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்கள்.

புரொபசர் எழுந்தார். “இவ்வூர்ப் பஞ்சாலையில் தெருப் பேதம் இல்லை! ஒதுக்கப்பட்ட கிழக்கு வளவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆலையில் வேலை கொடுத்திருக்கிறார்கள்!”

பஞ்சாலை! அந்த ஒரு சொல் என் காதில் விழுந்ததும் கோட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. கூரைகூட இல்லாமல் வெயிலில் நிற்கும் நாமக்கல் ஆஞ்சநேயரை நினைத்து, ‘சாமி, இந்த மண்டபத்தின் கூரையை என் தலையில் இறக்கிவிடு, வடைமாலை சாத்துகிறேன்’ என்று வேண்டினேன். தலைதான் போய்விடுமே, வடைமாலையை யார் சாத்துவது என்று அப்போது யோசிக்கவில்லை.

மானேஜருக்கு உண்மை தெரியாதா? தெரியும். ஆனால் தாசில்தாரே எழுந்து அவர் கழுத்தில் மாலை போட்டார். சபை கைதட்டியது. அவர் மாலையைத் தடவிக்கொண்டு, “தெரு பார்த்து ஆள் எடுப்பது எங்கள் மில்லின் கொள்கையே அல்ல” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே சின்னப்பொண்ணு குரல் கணீரென்று கேட்டது. “அடி ஆத்தா! நமக்கெல்லாம் மில்லுல வேலையாமா! நமக்கே சொல்லாம உட்டுட்டாங்களே!”

உள்ளே இருந்தவர்கள் அதையும் வாழ்த்து என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மறுநாள் விடிந்ததும் வளவே குளித்து, தலைவாரி, மில் கேட்டில் நின்றது. மேஸ்திரி பழக்கதோஷத்தில் கேட்டார்.

“எந்தத் தெரு?”

“நேத்து நீங்க வேலை குடுத்தீங்களே, அந்தத் தெருவுங்க” என்றாள் சின்னப்பொண்ணு.

மானேஜர் ஆள் அனுப்பி, புரொபசரையும் என்னையும் வரவழைத்தார். புரொபசர் என் பக்கம் திரும்பினார். “ஆலை என்று எதை நினைத்து எழுதினாய்?”

“கரும்பு ஆட்டறதுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்குக் கேட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

புரொபசர் முகம் கறுத்தது. என்னை அடித்துவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னை விட்டுவிட்டு மானேஜரிடம் போனார். “தவறு எங்களுடையது. இன்று சாயங்காலமே அதே மண்டபத்தில், தாசில்தார் முன்னிலையில், நேற்றுச் சொன்னது பொய் என்று திருத்திப் படித்துவிடுகிறேன். அல்லது அதை நீங்கள் மெய்யாக்கிவிடலாம்” என்றார்.

சின்னப்பொண்ணு கேட்டுக்கு வெளியே இருந்தபடியே சொன்னாள். “வேலை இல்லீன்னா பரவால்லீங்க. போட்டுக்கிட்ட மாலையக் குடுத்துருங்க சாமி, எங்க மாரியாத்தாளுக்குச் சாத்திக்கறோம்.”

கேட்டைச் சுற்றி வேடிக்கை பார்க்க வந்த பாதி டவுன் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மானேஜர், “கேட்டைத் திற” என்றார்.

ஒரே நாளில் எல்லாரும் ராஜாவாகிவிடவில்லை. கழிவுப் பஞ்சு அள்ளும் கொட்டகையில்தான் முதலில் விட்டார்கள். தண்ணீர்ப் பானைக்குச் சண்டை வந்தது. உள்ளே போனவர்கள் நிலைத்து நின்றார்கள், விட்டுப் போகவில்லை. பங்குனி முடிந்து கரும்பாலை நின்றபோது அந்த வருஷம் வளவில் அடுப்பு நிற்கவில்லை. சின்னப்பொண்ணு மகள் நூற்புப் பகுதிக்கே போய்விட்டாள். அந்தக் காலத்தில் எங்கு பார்த்தாலும் ஆலயப் பிரவேசம் பற்றிப் பேச்சு. எங்கள் டவுனில் குறும்புக்காரர்கள், “நம்மூர்ல ஆலைப் பிரவேசம் ஆயிருச்சு” என்றார்கள். அதுவும் சாமி காரியம்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

எனக்குக் குமாஸ்தா வேலை எங்கும் கிடைக்கவில்லை. மரியாதையாக ஏர் பிடிக்கத் திரும்பிவிட்டேன். ஆஞ்சநேயர் கூரையை இறக்காவிட்டாலும் வடைமாலை சாத்தினேன். கல்யாணமாகி வந்த என் சம்சாரத்துக்கு யாரோ இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். குழம்புக்கு மல்லி வாங்கி வரச் சொல்லி நான் மல்லிகைப்பூ வாங்கி வந்தால், “ஏனுங்க, இன்னிக்கும் ஆலையா?” என்பாள். இப்போது பேரன் பேத்திகளும் அதே. கணக்கில் தப்புப் போட்டு வருகிற பேரன், “தாத்தா, ஒரு ஆலை பண்ணிட்டேன்” என்கிறான். வீட்டுக்கு வெளியே மட்டும், மில்லை மாட்டிவிட நான் தெரிந்தே ‘உண்டு’ எழுதினேன் என்று கதை வளர்ந்துவிட்டது.

படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இதைப் பிறத்தியாருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். தமிழ் தெரிந்த யாரும் ‘ஆலை’யைத் திருத்த வேண்டாம். முக்கியமாக, நான் வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லி என்னைப் புத்திசாலி ஆக்கிவிட வேண்டாம். கேட்டைத் திறக்க வைத்தவள் சின்னப்பொண்ணு. நான் வெறும் கரும்புக்காரன்.