மாமா போட்ட மூன்று டிக்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் சுகம். சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் நேரத்துக்கு நடக்கின்றன. அங்கே நீயும் மாமாவும், அடுத்த மாதம் உன் மனைவியாகப் போகிறவளும் சுகமென்று நம்புகிறேன்.

ரெண்டு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம்; மாத்திரையா, ஊசியா, காப்பர் டீயா, எது நல்லதென்று கேட்டிருந்தாய். உன் அக்கா பஸ் விபத்தில் போய் ஏழு மாதம்தான் ஆகிறது, என்னிடம் இதைக் கேட்கலாமா என்று தயங்கியதாகவும் எழுதியிருந்தாய். கேட்கலாம். வேறு யாரிடம் கேட்பாய்?

கல்யாணமான புதிதில் கிளினிக்குக்குப் போனபோது, பாய்லர் பராமரிக்கிறவன் புத்தி, எது எத்தனை நாள் தாங்கும், எத்தனை சதவீதம் தவறும் என்று அட்டவணை போட்டுக் கொண்டுபோனேன். நர்ஸம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இந்தப் பொண்ணுக்கு எது ஒத்துக்கும்னு ஒரு கட்டமே இல்லையே?" என்று கேட்க, உன் அக்கா சிரிச்ச சிரிப்புல வெளியே உட்கார்ந்திருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க. பிரஷர் பார்த்து, ஒத்தைத் தலைவலி உண்டான்னு விசாரிச்சு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. இவளோ மறதிக்காரி. அதனால எங்க பிளாண்ட் வழக்கப்படி தேதி, நேரம், டிக்னு ஒரு தாளை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினேன். கூச்சத்துல தலைப்பு மட்டும் எழுதலை. அந்த வாரம் பார்த்து உங்கப்பா வந்து மூணு நாள் தங்கினார். காலையில எழுந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே கையை விட்டுப் பார்த்து, ஒரு டிக். இவ வந்து பார்ப்பா, டிக் இருக்கும், போட்டாச்சுன்னு போயிடுவா. நாலாம் நாள் அட்டையில மூணு மாத்திரை அப்படியே இருக்கு! "அப்பா, டிக் யார் போட்டது?"ன்னா. "நான்தாம்மா. மாப்ள எவ்வளவு பொறுப்பா ஒட்டி வெச்சிருக்கார், சும்மா விடலாமா? நல்லாத்தான் குளிருது."

அப்புறம் என்ன, நர்ஸம்மாவுக்குப் போன், ஏழு நாள் ஆணுறை, பதினஞ்சு நாள் பயம். அடுத்த மாசமே காப்பர் டீக்கு மாறிட்டோம். ஊசின்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா ஞாபகம் வெச்சுக்கணும். காப்பர் டீயில முதல் சில மாசம் வலியும் உதிரப்போக்கும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதுக்கப்புறம் பத்து வருஷம் வரைக்கும் நினைச்சே பார்க்க வேண்டாம். வேண்டாம்னா அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவாங்க. ஆகவே என் தீர்ப்பு, காப்பர் டீ.

ஆசி சொல்லும் வயது எனக்கில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் நன்றாக இருங்கள். மாமாவுக்கு என் வணக்கம். அது எதற்கான தாள் என்று அவருக்கு இப்போதும் தெரியாது, சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மேலே சொன்ன தீர்ப்பை அடித்துவிடு. நினைச்சே பார்க்க வேண்டாம்னு எழுதினேன். நான் அப்படியே நினைக்காம இருந்துட்டேன். போன வருஷம் உன் அக்கா, "போதுங்க, எடுத்துடலாம். ஒரு பாப்பா வரட்டும்"னா. பிளாண்ட்ல வேலை முடியட்டும்னு ரெண்டு தடவை தள்ளிப்போட்டேன். எதைப் போடுறதுன்னு உனக்கு வரப்போறவளும் நர்ஸும் பேசி முடிவு பண்ணட்டும். எடுக்கணும்னு அவ சொல்ற அன்னைக்கு, நீ லீவு போடு.