நாலு பானைப் பானகம்

பக்தியால் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. என் பக்தியால் அடுத்தவர்களுக்கு வந்திருக்கிறது. அதுவும் ஒரே நாளில், முப்பது பேருக்கு. அத்தனை பேரும் பழனிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் என்பதை நினைத்தால் இன்றும் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தோன்றுகிறது. (போட்டும் பார்த்தேன். முழங்கால் ஒத்துழைப்பதில்லை.)

அறுபதுகளின் தொடக்கம். நான் பாலிடெக்னிக்கில் கட்டடப் படிப்பில் கடைசி வருஷம். அதைப் படிப்பு என்று சொன்னால் என் வாத்தியார்கள் சிரிப்பார்கள். குடும்பத்தில் எட்டாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான் என்பதால் எங்கள் ஊரில் மட்டும் அதற்குப் படிப்பு என்று பெயர். கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கட்டட வேலையில் நாற்பத்தைந்து நாள் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த வேலையின் காண்ட்ராக்டர் நம்முடைய பயிற்சி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் நிலக்கோட்டைப் பக்கம் அப்பாவின் மல்லிகைத் தோட்டம்தான். அங்கே பூப்பறிக்கக் குனிந்தவர்கள் நிமிர்ந்ததை நான் பார்த்ததில்லை.

எனக்குக் கிடைத்த வேலை திண்டுக்கல்லில், பழனி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில், ஒரு புகையிலை வியாபாரிக்குக் கட்டிக்கொண்டிருந்த வீடு. காண்ட்ராக்டர் சின்னச்சாமி ஒட்டன்சத்திரத்துக்காரர். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதை கூடும். சாதாரணமாக “வா தம்பி” என்பார். “வாங்க தம்பி” என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். “ஏனுங்க, கொஞ்சம் வர்றீங்களா?” என்று கேட்டுவிட்டால் அந்த ஆள் சாந்துச்சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வேலையை உண்மையில் நடத்தியவர் மேஸ்திரி சவரிமுத்து. கழுத்தில் ஜெபமாலை, காதில் பென்சில், வாயில் வசவு. நான் போன முதல் நாளே என் கையிலிருந்த தடிப் புத்தகத்தை வாங்கி எடை பார்த்துவிட்டு, “நல்ல கனம். தம்பி, நூல் புடிக்கிறப்ப இதை மேல வையி, பறக்காது” என்றார். சித்தாள்களுக்குத் தலைவி பேச்சியம்மா என்னை ‘அப்பு’ என்று கூப்பிடுவாள். அதில் இருந்தது பாசமா கேலியா என்று நாற்பத்தைந்து நாளிலும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்போது சிமெண்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் மாடித்தளம் பழைய முறைப்படிதான். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பையும் செங்கல் ஜல்லியையும் கொட்டி, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். என் புத்தகத்தில் இதற்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. பரீட்சைக்கு வராது என்று நண்பன் ஒருவன் சொன்னதால் அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் தாண்டிவிட்டேன்.

தைப்பூசத்துக்கு நாலைந்து நாள் இருக்கும். நான் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம். காலையில் சவரிமுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கிளம்பினார். தளம் அடிக்கிற பெண்கள் மத்தியானம்தான் வருவார்கள்.

“தம்பி, மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். சாமான் பத்திரம். எதையும் தொட்டுறாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனியாக இருந்தவன், அதுவரை எட்டிப் பார்க்காத கொல்லைப்பக்கம் போனேன். கீற்று நிழலில் நாலு பானைகள். வாயில் ஈரச் சாக்கு. கழுத்தில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். (தள வேலை தொடங்கும்முன் வீட்டுக்கார அம்மா எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். மண்வெட்டிக்குக்கூட வைத்திருந்தார். அது என் கண்ணில் படவில்லை.) சாக்கைத் தூக்கினால் கருப்பட்டி வாசனை கம்மென்று அடித்தது.

பழனி ரோடு முழுக்க அந்த வாரம் பந்தல் போட்டுப் பக்தர்களுக்குப் பானகமும் மோரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கார அம்மா பானகம் கரைத்து வைத்திருக்கிறார், எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை! நத்தம் பக்கமிருந்து வருகிற ஒரு கூட்டத்தின் “அரோகரா” அதே நேரத்தில் ரோட்டில் கேட்டது. முருகன் வேறு எப்படித்தான் எனக்குச் சொல்லி அனுப்புவார்?

கொஞ்சம் கெட்டியாக, கறுப்பாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் விட்டுப் பெருக்கினேன். எதிர்க்கடையில் எலுமிச்சம்பழமும் சுக்கும் வாங்கிச் சேர்த்தேன். ருசி மட்டும் பார்க்கவில்லை. சாமி பேரால் கொடுப்பதை நாக்கில் வைத்துப் பார்ப்பது குற்றம் என்று வளர்க்கப்பட்டவன் நான்.

முப்பது பேர், பதினோரு காவடி. தலைவர் பெரியகருப்பன், மீசையும் ருத்திராட்சமுமாக முன்னால் வந்தார். முதல் தம்ளரை ஒரே மடக்கில் குடித்தவர் சற்று யோசித்தார்.

“செத்த கசக்குதேப்பா?”

“சுக்கு தூக்கலாப் போட்டிருக்கு சாமி.”

பின்னால் ஒருவர், “நாக்கைப் புடிச்சு இழுக்குது” என்றார்.

“எலுமிச்சம்பழம் சாமி, இப்பப் புழிஞ்சது.”

பெரியகருப்பன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “முருகன் பேரால குடுக்கிறதுல குத்தம் சொல்லலாமாடா? மிச்சம் வைக்கக் கூடாது. எல்லாரும் ரெண்டாந் தம்ளர் வாங்குங்க!”

வாங்கினார்கள். நாலு பானையும் காலி. என் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். புண்ணியக் கணக்கில் எனக்கு அன்று பெரிய வரவு என்று பானைகளைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன். (கழுவியதற்குத்தான் சவரிமுத்து என்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அடி வண்டலாவது மிஞ்சியிருக்குமாம்.)

மத்தியானம் பேச்சியம்மா கொல்லைப்பக்கம் போனவள் அங்கிருந்தே கத்தினாள். “மேஸ்திரி! பானையெல்லாம் கவுந்து கெடக்கு!”

சவரிமுத்து ஓடி வந்தார். “தம்பி, இதுல இருந்த தண்ணி எங்க?”

“பானகமா அண்ணே? பழனிக்குப் போறவங்களுக்குக் குடுத்துட்டேன். ரெண்டு ரெண்டு தம்ளர்.”

அவர் நெற்றியில் தொடங்கி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அதே கையால் தலையில் அடித்துக்கொண்டார். “பானகமா? ஏலே, கடுக்காயை இடிச்சுப் போட்டு, கருப்பட்டியைக் கரைச்சு, எட்டு நாளா ஊறப்போட்ட தண்ணிலே அது! தளத்துச் சுண்ணாம்பு இறுகுறதுக்கு வச்ச தண்ணி!”

பேச்சியம்மா மோவாயில் கை வைத்தாள். “ஆத்தாடி. எங்க வீட்ல அரைக் கடுக்காயை உரசிக் குடுத்தாலே புள்ளை விடிஞ்சா வீடு தங்காது. அப்பு மூணு படிக் கடுக்காயைக் குடுத்திருக்கு!”

“சுண்ணாம்பை இறுக்குமே அண்ணே…” என்று இழுத்தேன்.

“சுண்ணாம்பை இறுக்கும். மனுசனை இளக்கும்!”

பெண்கள் கட்டைகளைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சவரிமுத்து சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்க. முப்பது பேருக்கு ஒண்ணா வயித்தால போனா காலரான்னுதான் நினைப்பாங்க. யாராச்சும் சுகாதாரக்காரங்ககிட்ட சொல்லிட்டா ஊசியைப் போட்டு, மலைக்கு விடாம திருப்பி அனுப்பிருவாங்க. விரதம் இருந்து நடந்து வந்தவங்கடா அம்புட்டுப் பேரும். எடு சைக்கிளை!”

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். வழிநெடுக முருகனிடம் ஒரே வேண்டுதல்தான்: காண்ட்ராக்டருக்குத் தெரிய வேண்டாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கிறேன் என்று பேரம்கூடப் பேசினேன். சவரிமுத்து பின்னாலிருந்து அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவராம்.

ரெட்டியார்சத்திரத்துக்கு ஒரு மைல் முன்னால் கண்டுபிடித்துவிட்டோம். ஆட்களை அல்ல, காவடிகளை. ரோட்டோரம் புளியமரத்தடியில் ஆறேழு பேர் மட்டும் தோளில் ஒன்றும் இரண்டுமாகக் காவடியோடு, கால்களைப் பின்னிக்கொண்டு, வேர்த்து வழிந்து நின்றார்கள். மீதிப்பேர் ஆவாரஞ்செடிகளுக்குப் பின்னால். ஒவ்வொரு செடிக்கும் ஒரு மஞ்சள் துண்டு தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தங்குமிடத்தில் பூசை செய்து இறக்குகிறவரை காவடி தரையில் படக் கூடாது. தங்குமிடமோ இன்னும் ஒரு மைல். ஆளுக்கு ஆள் மாற்றிப் பிடிக்க ஆள் தீர்ந்துபோயிருந்தது.

சைக்கிளை விட்டு இறங்கி, “சாமி, ஒரு விஷயம்” என்று வாயைத் திறந்தேன். “செத்த புடிப்பா!” என்று ஒரு காவடி என் வலது தோளுக்கு வந்தது. கொடுத்தவர் காற்றாய்ப் பறந்தார். இடது தோளுக்கு இன்னொன்று. சவரிமுத்துவிடமும் ஒருவர் நீட்டினார்.

“ஐயா, நான் வேதக்காரன்” என்று அவர் ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினார்.

“மாலை போட்டிருக்கீகள்ல, அது போதும் சாமி!” என்று தோளில் வைத்துவிட்டு அவரும் ஓடினார்.

சவரிமுத்து காவடியோடு என் பக்கம் திரும்பினார். “ஏலே, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா சாமியார்கிட்ட என்னத்தைச் சொல்லுவேன்?” ஆனால் மயிலிறகு மண்ணில் படாமல் தூக்கித்தான் பிடித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு பழைய கறுப்புக் கார் வந்தது. தாண்டிப் போனது. நின்றது. பின்னோக்கி வந்தது. காண்ட்ராக்டர் சின்னச்சாமி வெள்ளைச் சட்டையில் இறங்கினார். தளம் அடிக்க வேண்டிய நேரத்தில் அவருடைய மேஸ்திரியும் பயிற்சிப் பையனும் ஐந்தாறு மைல் தள்ளிக் காவடி சுமந்துகொண்டு நிற்கிறார்கள்.

அவர் வாயைத் திறக்குமுன் பெரியகருப்பன் செடி மறைவிலிருந்து தள்ளாடி வந்தார். மீசைகூடத் தொங்கிப்போயிருந்தது. “ஐயா, காரா வச்சிருக்கீக? டாக்டருக்குச் சொல்லி விடுங்கய்யா. காலராதான் போல. இருவது வருசமா நடக்குறேன். இந்த வருசம் மலையேற எங்களுக்குக் குடுத்து வைக்கலே.” சொல்லும்போதே அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். காண்ட்ராக்டர் போனபிறகு காதோடு சொல்லியிருக்கலாம். சவரிமுத்துவும் கண்ணால் அதைத்தான் சொன்னார். ஆனால் இரண்டு தோளிலும் முருகனை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி மறைப்பது?

“காலரா இல்லை சாமி. கடுக்காய். தளத்துக்கு ஊறப்போட்ட தண்ணியை நான்தான் பானகம்னு நினைச்சுக் குடுத்துட்டேன்.”

“சீக்கு இல்லையா? சத்தியமா?”

“காவடி தோள்ல இருக்கு சாமி.”

பெரியகருப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது சிரிப்பு. செடிகளைப் பார்த்து உரக்கக் கத்தினார்: “டேய், காலரா இல்லடா! கடுக்காயாம்! நாலு நாளா கட்டுச்சோத்தைத் தின்னு வயிறு கல்லாக் கெடந்துச்சுல்ல, மலையேறுமுன்ன முருகன் சுத்தம் பண்ணி விட்டிருக்கான்டா!”

செடிகளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பலவீனமான அரோகரா கேட்டது.

காண்ட்ராக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “ஏனுங்க தம்பி, கொஞ்சம் வர்றீங்களா?”

கண் முன்னால் மல்லிகைத் தோட்டம் தெரிந்தது. அவர் அடுத்த வார்த்தை சொல்லுமுன், கடைசியாகத் தாக்குப்பிடித்து நின்ற ஒரு பக்தர் தாங்கமுடியாமல் ஓடிவந்து, “சாமி, ஒரு நிமிசம்!” என்று தன் காவடியைக் காண்ட்ராக்டரின் வெள்ளைச் சட்டைமேல் சாத்திவிட்டுச் செடியைப் பார்த்துப் பாய்ந்தார்.

அந்த ஒரு மைலும் நாங்கள் மூன்று பேரும் காவடியோடு நடந்தோம். நடக்க முடிந்த பக்தர்கள் கூடவும், முடியாதவர்கள் செடிக்குச் செடி நின்று நின்றும் வந்தார்கள். டிரைவர் திருப்பிய காலி கார் பின்னால் ஊர்ந்து வந்தது. பாதி தூரம் போனதும் காண்ட்ராக்டரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். “மூணு படி கடுக்காயா தம்பி?” என்றார். ‘ஏனுங்க’ போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது.

தண்டனை இல்லாமல் போகவில்லை. மறுபடி மூன்று படிக் கடுக்காயையும் நான் ஒருத்தனாகவே இடித்தேன். எட்டு நாள் ஊறியபின், சித்தாள்களோடு வரிசையில் உட்கார்ந்து தளமும் அடித்தேன். அவர்கள் அடிக்கு அடி பாடுவார்கள். பேச்சியம்மா அன்றே புதுப்பாட்டு கட்டிவிட்டாள்: “பானகத்து ராசாவே, பாத்து அடி, ஓரம் அடி.” தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் காண்ட்ராக்டர் நோட்டில் கையெழுத்துப் போட்டார். இங்கிலீஷில் எழுதியிருந்ததை ரோட்டில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். “உண்மை பேசுகிற பையன். கட்டடப் பொருள்களை வழங்குவதில் அளவுக்கு மீறிய தாராளம். தனியாக விட வேண்டாம்.” பாலிடெக்னிக்கில் முதல்வர் இதை வகுப்பில் உரக்கப் படித்து விளக்கம் கேட்டார். சொன்னேன். மூன்றாம் முயற்சியில் தேறி, ஓவர்சியராகி, குடும்பஸ்தனும் ஆனேன். கதை எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி கொடுத்துவிட்டு, “தைரியமாக் குடிங்க மாப்ளே, காபிதான்” என்றார் என் மாமனார்.

இன்றும் எங்கள் வீட்டில் ராமநவமிக்கோ தைப்பூசத்துக்கோ பானகம் கரைத்தால் முதல் தம்ளர் எனக்குத்தான். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்கள், பெரியவர் என்ற மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. நான் குடித்து முடித்ததும், ஒருவரும் தம்ளரைத் தொடாமல் கால் மணி நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஏன் என்று மட்டும் அவர்கள் என் மனைவியிடம் போய்க் கேட்பார்கள். அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.