கிப்லாவுக்குத் திரும்பிய கட்டில்

யாராவது பேசாமல் இருந்தால் அந்த இடைவெளியை நாம்தான் நிரப்பவேண்டும் என்று நினைப்பது படித்தவர்களுக்கு வருகிற ஒரு வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்தது. உம்மா கைநாட்டு, வாப்பா கைநாட்டு, எங்கள் வளவில் கையெழுத்து வைக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஏஎல் பரீட்சை பாஸான பிறகு உப்புக் குறைந்த கறிக்குக்கூட விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (வீட்டில் யாரும் கேட்கவில்லை.)

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்து ஆசுபத்திரியில் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஆண்கள் வாட்டில் ஒருவர் மனம் கலங்கினால் பள்ளிவாசலிலிருந்து லெப்பை வருவார், கோயிலிலிருந்து ஐயர் வருவார், ஃபாதரும் வருவார். பெண்கள் வாட்டில் அப்படி வந்து கட்டிலருகே உட்கார ஒருவருக்கும் வசதிப்படாது. அதனால் ஒரு பெண்ணைப் பழக்கி, நோயாளி எந்தச் சமயமானாலும் பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் கதைக்கிற வேலைக்கு வாட்டிலேயே வைப்பதென்று முடிவாயிற்று. பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் நானும் பாண்டிருப்புச் சிவமலரும் கடைசிவரை நின்றோம். வேலை ஒன்றுதான்.

வாப்பாவுக்குக் கல்முனைச் சந்தையில் கருவாட்டுக் கடை. வருகிறவர்களிடமெல்லாம், "எங்கட சுபைதா ஆசுபத்திரியில கதைக்கப் படிக்கிறா" என்று பெருமையடித்திருக்கிறார். வாப்பாவைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற பக்கத்துக் கடைக்காரர் கேட்டாராம்: "கதைக்கிறதுக்கும் படிக்கணுமா காக்கா? எங்கட வீட்டுல எல்லாரும் படிக்காமலேதான் கதைக்கிறாளுகள். நிப்பாட்டத்தான் ஒரு படிப்பு வேணும்!"

உண்மையில் அந்தப் பயிற்சியே நிப்பாட்டுகிற படிப்புத்தான். மட்டக்களப்புக் கன்னியர் மடத்திலிருந்து வந்த ஒரு சிஸ்டர்தான் நடத்தினார். நோயாளியின் தலைக்கு மேலே நின்று கதைக்கக்கூடாது, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்தில் உட்காரவேண்டும். "எல்லாம் சரியாகும்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. அவர் கேட்காமல் ஓதவோ செபிக்கவோ கூடாது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். சிவமலர் நோயாளியாக நடித்துக் காட்டுவாள். அவள் வாயைத் திறக்குமுன்னரே அவள் சொல்லவேண்டியதையும் நானே சொல்லி முடித்துவிடுவேன். "நோயாளி மூச்சை விட்டாலும் உனக்குத் தெரியவராது சுபைதா" என்றார் சிஸ்டர் ஒருநாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பொறாமைப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் நிலைமை அவ்வளவு வேடிக்கையாக இல்லை. வாப்பாவின் தங்கச்சி, என் மாமி, ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தா. மாப்பிள்ளைக்கு அரிசி ஆலை, ஆலைக்குள் ஒரு உம்மா, அந்த உம்மாவுக்குப் படித்த பெண்களைப் பிடிக்காது. "இந்த வேல சரிவந்தா பாப்பம். வரல்ல எண்டா மாமிக்கு வாக்குக் குடுத்திருவன்" என்றார் வாப்பா. வாப்பா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். கடைசிப் பரீட்சை என்பது வாட்டில் ஒரு நோயாளியோடு இருந்து காட்டுவது. சிஸ்டர் யன்னலருகில் நின்று பார்ப்பார். அதன்பிறகு ஒரே ஒரு பெயரை ஆசுபத்திரிக்குச் சொல்வார்.

சிவமலர் காலையிலேயே செய்து முடித்துவிட்டாள். எனக்குப் பின்னேரம், நோயாளிகளைப் பார்க்க ஆட்கள் வரும் நேரத்தில்.

எனக்குக் கிடைத்தவர் சவளக்கடை என்ற வயல் ஊரைச் சேர்ந்த பாத்தும்மா மாமி. அப்பென்டிக்ஸ் வெட்டி எடுத்தாயிற்று, ஆபத்து ஒன்றுமில்லை, இன்னும் இரண்டொரு நாளில் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தா. நான் ஸ்டூலைப் போட்டு, கண்மட்டத்தில் உட்கார்ந்து, ஸலாம் சொன்னேன். இதுவரை குறையில்லை.

"எப்பிடி இரிக்கீங்க மாமி?"

"இரிக்கன்."

அவ்வளவுதான். காத்திருந்தேன். வாட்டு முழுக்க ஆட்கள் வந்து கட்டில்களைச் சூழ்ந்து கதைக்கிற சத்தம். எங்கள் கட்டிலில் மட்டும் சத்தமில்லை. சிஸ்டர் பார்க்கிறார். இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தால் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கமாட்டாரா? அரிசி ஆலை கண்ணுக்குள் சுற்றத் தொடங்கியது. அப்போது என் வாய் என்னைக் கேட்காமலேயே ஒரு காரியம் செய்தது. எனக்கு எது நன்றாகப் பாடமோ, எதற்கு மதரஸாவில் பரிசு வாங்கினேனோ, அதை எடுத்துவிட்டது. பிஸ்மி சொல்லி, நல்ல இராகமாக, யாசீன் ஓதத் தொடங்கினேன்.

யாசீன் குர்ஆனின் மிக உயர்ந்த அத்தியாயம். எதற்கும் ஓதலாம், எப்போதும் ஓதலாம். ஆனால் எங்கள் ஊர்களில், படுக்கையில் கிடக்கிற ஒருவரின் தலைமாட்டில் உட்கார்ந்து யாசீன் ஓதினால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. டொக்டர் கைவிரித்துவிட்டார்.

பாத்தும்மா மாமி மெல்லத் தலையைத் திருப்பினா. முகத்தில் சொட்டு இரத்தம் இல்லை.

"புள்ள... டொக்டர் ஒன்ட கிட்டச் சொன்னாரா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆனால் ஓதும்போது முன்னும் பின்னுமாக ஆடுகிற பழக்கம் எனக்கு. அந்த ஆட்டத்தில் இந்த ஆட்டம் ஒருவருக்கும் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில் ராத்தா முந்தானையால் தலையை மூடினா. அடுத்த கட்டிலில் கதை நின்றது. அதற்கடுத்ததிலும் நின்றது. சாய்ந்தமருதுப் பெண் ஒருத்தி கரண்டியும் தண்ணீருமாக வந்து, "வாயத் துறங்க மாமி, கலிமாச் சொல்லுங்க" என்று, சாகிறவர்களுக்குச் செய்வதுபோல், மாமியின் வாயில் சொட்டு விட்டாள். யாரோ ஒருவர் வாசலுக்கு ஓடினார். வெளியே சவளக்கடைக்குப் போகப் புறப்பட்டு நின்ற லொறிக்காரனை, மாமியின் வீட்டுக்குச் செய்தி சொல்லக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்கு நான் செய்தது விளங்கியது. விளங்கி என்ன செய்ய? நிறுத்தலாம். ஆனால் தலைமாட்டில் ஓதிக்கொண்டிருக்கும் யாசீன் பாதியில் நின்றால் அதற்கும் ஒரு அர்த்தம்தான் உண்டு. தொடர்ந்தால் மாமி சாகப்போகிறா, நிறுத்தினால் செத்துப்போனா. வேகமாக ஓதினேன். வேகமாக ஓதினால் நேரம் நெருங்கிவிட்டது என்று நினைத்து விசும்பினார்கள். மெதுவாக ஓதினேன். மெதுவாக ஓதினால் கிழவி பாவம் இழுத்துக்கொண்டு கிடக்கிறா என்றார்கள். (மாமிக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது.)

"கட்டிலக் கிப்லாப் பக்கம் திருப்புங்க கா!" என்றா பக்கத்துக் கட்டில் ராத்தா. நாலு பெண்கள் பிடித்தார்கள். கடலைப் பார்த்துக் கிடந்த கட்டில் கிரீச்சிட்டுக்கொண்டு மக்கா இருக்கிற மேற்கே திரும்பியது. நானும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓதியபடியே கூடத் திரும்பினேன்.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டா. "புள்ள, என்ட மச்சி றஹ்மத்துக்கிட்டச் சொல்லு. அவட கோழி என்ட முத்தத்துல இட்ட முட்டையெல்லாம் நான்தான் அவிச்சித் திண்டன். நரி எண்டு சொன்னது பொய். மன்னிச்சு ஹலாலாக்கச் சொல்லு." கண்ணீர் காதுவரை வழிந்தது. எனக்கும்தான்.

யன்னலருகில் சிஸ்டர் அதுவரை பேசாமல்தான் நின்றார். மாமியே கேட்டு நான் ஓதுகிறேன் என்று நினைத்தாராம். கட்டில் திரும்பியதைக் கண்டதும் ஓடிவந்து என் தோளில் கை வைத்தார்.

"சுபைதா, நிறுத்தம்மா."

நிறுத்தினேன்.

வாட்டு முழுக்க ஒரே குரலில் ஓவென்று அழுதது.

அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுப் பாத்தும்மா மாமி கட்டிலில் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தா. "ஆரு? ஆருகா மௌத்து?"

கரண்டி கீழே விழுந்தது. சாய்ந்தமருதுப் பெண் கட்டிலடியில் பாய்ந்தாள். நர்ஸ் மிஸிமார் ஓடிவந்தார்கள், பின்னால் டொக்டர். திரையை இழுத்து மூடினார்கள். தையல் பிரிந்திருந்தால்? சுவரோடு ஒட்டி நின்று, அன்றைக்கு முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சிவமலர் வந்து என் பக்கத்தில் நின்றாள். "ஏனடி எல்லாரும் அழுதாங்க? பாட்டு நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்டாள். அவளை அடித்திருப்பேன்.

திரையை விலக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. டொக்டர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் ட்ரக்டர் சத்தம்.

சவளக்கடை வந்து இறங்கியது. அரைவாசி வெட்டிய வயலை அப்படியே போட்டுவிட்டு, தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு மாமியின் புருசன், மக்கள், மச்சி றஹ்மத்து, இன்னும் ஒரு ட்ரக்டர் பெட்டி நிறைய ஆட்கள். ஒரு பெரியவரின் கக்கத்தில் வெள்ளைத்துணிப் பார்சல். மாமி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

மாமி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தா.

"வயல் வெட்டு, வயல் வெட்டு எண்டு ஒரு கிழமையா ஒரு குருவி எட்டிப் பாக்கல்ல. பக்கத்துக் கட்டிலுக்கு வாற சனத்தப் பாத்துப் பாத்துச் சுவருக்கு முகத்தத் திருப்பிக்கிட்டுக் கிடந்தன். மௌத்தெண்டா மட்டும் ட்ரக்டர் வருமா?"

புருசன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. "மாமி இதைத்தான் உனக்குச் சொல்ல இருந்தா. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார். திட்டியிருக்கலாம்.

வேலை சிவமலருக்குப் போயிற்று. நியாயம்தான். (அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை.)

நான் வீட்டுக்கு வருமுன்னமே கதை கருவாட்டுக் கடைக்குப் போய்விட்டது. "காக்கா, உங்கட புள்ள உசிரோட இரிந்த ஆள மையித்தாக்கிட்டாவாமே!" சம்பந்தம் கொண்டுவந்த மாமியும் நல்ல நேரம் பார்த்து எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தா. அரிசி ஆலை வாசலுக்கே வந்துவிட்டது. உள்ளறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன முடிவு காக்கா? வாக்குச் சொல்லவா?" என்றா மாமி.

வாப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். என் வாழ்நாளில் நான் இடையில் புகுந்து நிரப்பாத முதல் மௌனம் அதுதான்.

"படிக்கிற நேரம் பிழைவிடாம வேற எப்ப பிழைவிடுறது?" என்றார் வாப்பா. "மறுகாப் போய்ப் படிக்கட்டும்."

மறுபடியும் போனேன். அடுத்த நாளே சிஸ்டரிடம் கேட்டு அதே கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பாத்தும்மா மாமி என்னைக் கண்டதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டா. "ஓத வந்தியா?" "இல்ல மாமி, கேக்க வந்தன்" என்றேன். பின்னேரம்வரை கதைத்தா. முட்டைக் கதையை மட்டும் தொடவில்லை. அடுத்த பயிற்சியில் தேறினேன். அந்த வாட்டில்தான் இப்போது வேலை செய்கிறேன்.

ஒவ்வொரு வயல் வெட்டுக்கும் சவளக்கடையிலிருந்து ஒரு சாக்குப் புது அரிசி வருகிறது. மேலே மச்சி றஹ்மத்து அனுப்புகிற முட்டைகள். கூடவே பாத்தும்மா மாமியின் ஸலாமும் ஒரு செய்தியும்: "அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லுங்க, நான் இன்னும் இரிக்கன்."

போன மாதம் வாப்பாவுக்குக் காய்ச்சல். ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய்த் தலைமாட்டில் உட்கார்ந்தேன். வாப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சுபைதாட உம்மா, இஞ்ச ஓடி வா. கட்டில திரும்பாம ஒருக்கா இறுக்கிப் புடிச்சுக்க!"